மூன்றில் ஒரு பங்கு

ஓக்கர்பாட்டி நகராட்சியின் ஏழாம் வார்டு அலுவலகத்தில் சிபாரிசுக் கடிதம் வாங்க ஆறு காகிதங்கள் வேண்டும். ஹோம்பகதூர் ராயமாஜி எட்டு கொண்டுபோனான். இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோபஸ் ஓட்டுகிறவன் அவன். வளைவுக்கு வளைவு நிறுத்திக் காகிதம் கேட்கும் ரோட்டில் பழகியதால், கேட்காததையும் கையில் வைத்திருப்பது நல்லது என்று நினைப்பவன்.

கடிதம் மகளுக்கு. ரோஜினாவுக்குப் பத்தொன்பது வயது. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. மொழித் தேர்விலும் தேறிவிட்டாள். இனி பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழை மாவட்ட நிர்வாக அலுவலகம் கொடுக்கும். ஆனால் இவள் இன்னாருடைய மகள், இந்த வார்டில் பிறந்தவள் என்று வார்டு எழுதிக் கொடுத்தால்தான் கொடுக்கும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் சான்றிதழ் எண்ணை அனுப்பாவிட்டால் அவளுடைய இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். நேபாளி என்று நிரூபித்தால்தான் நேபாளத்தை விட்டுப் போக முடியும். இதில் யாருக்கும் விசித்திரம் எதுவும் தெரிவதில்லை. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வார்டு செயலாளர் ரேவதிரமண் பொக்ரேல் எட்டுக் காகிதங்களையும் புரட்டிப் பார்த்தார். இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். ஹோம்பகதூருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"எல்லாம் சரி. கொடி?"

"என்ன கொடி, ஹஜூர்?"

பொக்ரேல் பேனாவை மூடி வைத்துவிட்டு, திறந்திருந்த உள் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கேட்டீங்களா, தலைவரே? 'என்ன கொடி'ன்னு கேக்கறார்."

வார்டு தலைவர் சந்திரபிரசாத் லம்சால் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். வரிசையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். பதினோரு பேர் இருந்தால் அவருக்குக் கூட்டம்தான்.

"ஹோம்பகதூர் தம்பி, உன் மேல தப்பில்ல. காலத்து மேல தப்பு. எங்க தலைமுறை கொடிக்காக உயிரைக் கொடுக்கத் தயாரா இருந்துச்சு. நானே தயாரா இருந்தேன். யாரும் வந்து கேக்கல, அது வேற விஷயம். இந்தக் காலத்துப் பசங்க என்ன பண்றாங்க? கொடிய கன்னத்துல ஒட்டிக்கிறாங்க. ஒட்டறதுக்கு முன்னாடி கன்னத்த அளந்து பாத்தாங்களா? இல்ல! அளக்காத மரியாதை மரியாதையா? அதனாலதான் இந்த வார்டு ஒரு இயக்கம் ஆரம்பிச்சிருக்கு."

இயக்கத்தின் பெயர் தேசியக் கொடி மரியாதை மீட்பு இயக்கம். அதன் சுற்றறிக்கையைப் பொக்ரேல் எழுந்து நின்று வாசித்தார். பிறப்பு, இறப்பு, தண்ணீர் இணைப்பு, குடியுரிமை என்று எந்தச் சிபாரிசு கேட்டாலும், கேட்பவர் வீட்டு மாடியில் சரியான அளவுள்ள தேசியக் கொடி பறக்க வேண்டும். அளவை வார்டின் அமீன் வந்து பார்த்துச் சான்று தருவார்.

"இறந்தவங்க சிபாரிசுக்கும் கொடி வேணுமா, ஹஜூர்?" என்று வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"இறந்தவர் கொண்டுவர வேண்டியதில்ல. வீட்டுல இருக்கறவங்க போதும்" என்றார் பொக்ரேல். விட்டுக்கொடுத்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஹோம்பகதூர் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனான். அவன் வீட்டு மாடியில் கொடி இருந்தது. போன வருஷம் கிரிக்கெட் போட்டி பார்க்க ரோஜினா வாங்கிவந்த துணிக்கொடி. போட்டியில் ஜெயித்த அன்று தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கட்டினாள். பிறகு அவிழ்க்கவில்லை. அழுக்கானால் தானே துவைத்துக் கட்டினாள்.

மறுநாள் அமீன் வந்தார். நிலம் அளக்கிறவர்; முப்பது வருஷமாக வயலையும் வரப்பையும் அளந்த கை. மாடியேறி, கொடியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, இரும்பு டேப்பை ஓட்டினார். நோட்டில் வழக்கம்போல எல்லைகளைக் குறித்துக்கொண்டார்: வடக்கே தண்ணீர்த் தொட்டி, கிழக்கே பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு.

"குள்ளம்" என்றார்.

"எது?"

"உங்க கொடி. இருக்க வேண்டிய உயரத்துல மூணுல ஒரு பங்குதான் இருக்கு."

"கடையில விக்கறதே இதானே, அமீன் சாப்!"

"கடையில விக்கறது எனக்கென்ன தெரியும்? என்கிட்ட அளவு குடுத்திருக்காங்க. நான் நூல் பிடிக்கிறவன், ராயமாஜி. நியாயம் பிடிக்கிறவன் இல்ல." அறிக்கையில் எழுதினார்: மாடியில் இருப்பது தேசியக் கொடி அல்ல, தேசியக் கொடியைப் போன்ற ஒரு பொருள்.

ரோஜினா அதை வாங்கிப் படித்தாள். "அப்போ அன்னைக்கு ஜெயிச்சது யாரு? நேபாளத்தைப் போன்ற ஒரு டீமா?"

அமீன் சிரிக்கவில்லை. அவர் மருமகனுக்கும் ஒரு சிபாரிசு பாக்கி இருந்தது.

அன்று சாயங்காலம் ஹோம்பகதூர் பஜாரில் ஒன்பது கடை ஏறி இறங்கினான். ஒன்பது கடைக் கொடிகளும் ஒரே அளவு. எல்லாம் குள்ளம். வீடு திரும்பியபோது அவனுடைய அப்பா கர்ணபகதூர் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் மலைப்பாதையில் தபால் மூட்டை சுமந்து ஓடியவர்.

"கொடிதானே வேணும்? இரு" என்றார்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய் முகம் கழுவினார். வாயிலிருந்த புகையிலையைத் துப்பினார். பிறகுதான் திறந்தார். உள்ளே, மல்மல் துணிக்குள், ஒரு பழைய கொடி. அதே இரண்டு முக்கோணம், மேலே நிலா, கீழே சூரியன். ஆனால் நிலாவுக்கும் சூரியனுக்கும் முகம் இருந்தது. கண், மூக்கு, வாய். சூரியனுக்கு மீசையும் இருந்தது.

"அறுபது வருஷத்துக்கு முன்னாடி கொடிய மாத்தினாங்க" என்றார். "முகத்த எடுத்துட்டாங்க. தபால் குடிசையில பறந்த பழசக் கொளுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு. கண்ணு தொறந்திருக்கு, எப்படிக் கொளுத்தறது?"

"அதான் இத்தனை நாள் ஒளிச்சு வெச்சீங்களா, தாத்தா?"

"அப்பல்லாம் அது நம்மளப் பாக்கும்மா. அதனால பயம் இருந்துச்சு. இப்ப நாமதான் அதப் பாக்கறோம்."

செவ்வாய்க்கிழமை அவரே தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்ல ஹோம்பகதூருக்கு வாய் வரவில்லை. இதுவாவது உயரம் சரியாக இருந்துவிடாதா என்று ஒரு ஓரத்தில் ஆசையும் இருந்தது. கொடியை மேஜையில் விரித்தார்கள். உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. லம்சால் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது யாரு?"

"சூரியன்" என்றார் கர்ணபகதூர்.

"அது தெரியுது. முகம் யாரோடது?"

"சூரியனோடது."

"மீசை வெச்சிருக்கே."

"அப்போ வெச்சிருந்துச்சு."

லம்சால் பொக்ரேலைப் பார்த்தார். "செயலாளர் சார், இந்த மூக்க எங்கயோ பாத்திருக்கேன். போன தேர்தல்ல என்னை எதிர்த்து நின்னானே கார்கி, அவன் மூக்கு மாதிரி இல்ல?"

பொக்ரேலும் குனிந்தார். "மூக்கு அவருதுதான். மீசை கொஞ்சம் சந்தேகம்."

"தேசியக் கொடியில எதிர்க்கட்சிக்காரன்! பாத்தீங்களா எவ்வளவு தூரம் போயிருக்காங்கன்னு?"

"அறுபது வருஷத்துக்கு முன்னாடி தைச்சது, ஹஜூர்" என்றான் ஹோம்பகதூர். "கார்கி அப்ப பொறக்கவே இல்ல."

"அதுதான் திட்டமிட்ட வேலைங்கறது" என்றார் லம்சால்.

முடிவு உடனே எடுக்கப்பட்டது. கொடியில் உள்ள இரு நபர்களின் அடையாளம் உறுதியாகும்வரை அதை வார்டு அலமாரியில் வைப்பது; சூரியன், நிலா இருவருக்கும் யாராவது உரிமை கோரினால் அடையாள அட்டையுடன் வரச் சொல்வது. கர்ணபகதூர் ரசீது கேட்கவில்லை. அலமாரிக் கதவை மூடும்போது மட்டும் சொன்னார்: "குப்புற வெக்காதீங்க."

ரசீது வாங்காமல் விட்டது ஹோம்பகதூருக்கு இரவெல்லாம் உறுத்தியது. தன் அப்பாவுக்காக ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாமோ? பேசியிருந்தால் ரோஜினாவின் காகிதம் நகராது. பேசாமல் இருந்தும் நகரவில்லை.

புதன்கிழமை அவன் சுற்றறிக்கையை முழுதாக வாங்கிப் படித்தான். ஒன்பதாவது பிரிவில் ஒரு வழி இருந்தது. மனுதாரர் அலுவலர் முன்னிலையில் தேசியக் கொடியைத் தானே வரைந்து காட்டினால், அந்த வரைபடத்தின்படி தைத்த கொடி ஏற்கப்படும். ஹோம்பகதூருக்கு உயிர் வந்தது. அரசியல் சாசனத்தில் கொடி வரைய இருபத்துநான்கு படிகள் உண்டு. அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அதை ஒப்பிக்க வேண்டும். எட்டாவது படியில் தடுமாறினால் எட்டு அடி, பதினாறில் தடுமாறினால் பதினாறு. அவன் வகுப்பில் கொடி என்றால் யாருக்கும் நாடு ஞாபகம் வராது, உள்ளங்கைதான் ஞாபகம் வரும். ஆனால் படிகள் மறக்கவில்லை.

வார்டு அலுவலகத் தரையில் சிவப்புத் தாளை விரித்து, அளவுகோலோடு மண்டியிட்டான். ரோஜினா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாய் தானாக ஓடியது.

"முதல் படி. சிவப்புத் துணியின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக அஆ என்று கோடு போடவும். இரண்டாம் படி. அ-விலிருந்து நேர்மேலாக அஇ என்று கோடு போடவும். அதன் நீளம், அஆ-வும் அஆ-வின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தது."

"நிறுத்துங்க" என்றார் பொக்ரேல். "மூன்றில் ஒரு பங்கு இல்ல. மூன்று பங்கு."

"மூன்றில் ஒரு பங்கு, ஹஜூர்."

பொக்ரேல் சுற்றறிக்கையின் இணைப்பைக் காட்டினார். அச்சு தெளிவாக இருந்தது: அஆ-வும் அஆ-வின் மூன்று பங்கும். தட்டச்சு செய்தவர் 'இல் ஒரு' என்பதை விட்டுவிட்டார். அவ்வளவுதான் விஷயம். அமீனின் டேப்பில் எல்லாக் கொடியும் குள்ளமாகிப்போனது அதனால்தான்.

ஹோம்பகதூர் சிரித்துவிட்டான். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தான். ரோஜினா போனில் அரசியல் சாசனத்தை எடுத்து நீட்டினாள்.

"இதோ பாருங்க, சார். மூன்றில் ஒரு பங்குன்னுதான் இருக்கு."

பொக்ரேல் போனை நிதானமாகப் பார்த்தார். "இதுக்குச் சீல் இருக்கா?"

"சார், இது அரசியல் சாசனம்!"

"அரசியல் சாசனம் காத்மாண்டுல இருக்கும்மா. சுற்றறிக்கை இங்க இருக்கு." அவர் குரலில் கோபமே இல்லை. "நான் தப்புன்னு சொல்லல. தப்பா இருந்தா திருத்தறதுக்கு வழி இருக்கு. திருத்தம் கேட்டு மனு குடுக்கலாம். மனு குடுக்க உங்க வீட்டுல சரியான அளவுல கொடி பறக்கணும்."

"அப்போ உங்க ஆபீஸ் மேல பறக்கறது? அதுவும் குள்ளம்தானே?"

இதற்கு லம்சால் பதில் சொன்னார். "புத்திசாலிப் பொண்ணு. நல்ல கேள்வி. அது பழைய கொடி. இன்னைக்கே இறக்கறோம். நம்ம வார்டுக்குன்னு புதுக்கொடி தயாராயிடுச்சு. கடிதத் தலைப்புல இருக்கற முத்திரையிலகூட மாத்தச் சொல்லிட்டேன். இவ்வளவு உயரமான கொடி இந்த மாவட்டத்துல வேற எந்த வார்டுலயும் இல்ல. எட்டாம் வார்டுக்காரன் அண்ணாந்து பாக்கட்டும்!"

அப்பனும் மகளும் தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் ஹோம்பகதூர், "தைச்சிடலாம்" என்றான்.

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானேம்மா. கடிதம் வந்ததும் அவுத்துடலாம்."

"அந்த மாதிரி தப்பாப் பறக்கவிட்டா ஜெயில் தெரியுமா?"

"தெரியும். சரியாப் பறக்கவிட்டா உனக்குக் கடிதம் கிடையாது."

அவன் மனைவி பவிசரா உட்கார்ந்து தைத்தாள். அகலம் ஒரு முழம், உயரம் நான்கு முழம். கீழ் முக்கோணம் இருக்கும் இடமே தெரியாமல் ஒடுங்கிப்போக, மேல் முக்கோணம் தீட்டிய அரிவாள் போல நீண்டது. நிலா அந்தக் கூம்பின் பாதிவழியில் மாட்டிக்கொண்டு நின்றது.

"இதப் பாத்தா நாடு மாதிரியா இருக்கு? சூனியக்காரி தொப்பி மாதிரி இருக்கு" என்றாள் பவிசரா.

வியாழக்கிழமை காலை கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி மாடிக்கு வந்து, "என்ன பூஜை, சொல்லவே இல்லையே?" என்று கேட்டாள். பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"இது எந்த அமைப்போட கொடி?"

"நேபாளத்தோடது" என்றான் ஹோம்பகதூர். சொல்லும்போது அவனுக்கே கூச்சமாக இருந்தது. சுற்றறிக்கையைக் காட்டினான். போலீஸ்காரர் இரண்டு முறை படித்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, சட்டப்படி உங்களை இப்ப ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அமீன் ரெண்டு மணிக்கு வருவார், தம்பி. அதுவரைக்கும் பொறுத்துக்க முடியுமா? பொண்ணோட காகிதம்."

போலீஸ்காரர் தெருவைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "எங்கம்மா முதியோர் உதவித்தொகைக்கு இதே வார்டுலதான் எழுதிப் போட்டிருக்காங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோழிக்கூண்டின் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு மணிவரை நின்றார். பவிசரா அவருக்கு அவலும் டீயும் கொண்டுவந்து கொடுத்தாள், திரும்பாமலே வாங்கிக்கொண்டார்.

அமீன் அளந்தார். ஒரு விரல்கடை கூடக் குறையவில்லை. நான்கு மணிக்கு ஹோம்பகதூரின் கையில் சிபாரிசுக் கடிதம் இருந்தது. லம்சால் கையெழுத்துப் போடும்போது, "பாத்தியா தம்பி, மனசு வெச்சா மரியாதை வந்துடுது" என்றார். ஹோம்பகதூர் கைகூப்பினான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொடியை அவிழ்த்தான். அவிழ்த்ததை மடிப்பதா சுருட்டுவதா, இதை மரியாதையாக வைக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மாவட்ட நிர்வாக அலுவலகம் மூன்று மணிவரைதான். ஒன்பது மணிக்கே போய் வரிசையில் நின்றார்கள். இரண்டேகாலுக்கு முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஐந்து காகிதங்களை ஒதுக்கி வைத்து, ஆறாவதாக வார்டு கடிதத்தை எடுத்தார். படிக்கவில்லை. தலைப்பில் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையின் உச்சியில், பூமாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ஏழாம் வார்டின் கொடி.

"இது என்ன கொடி?"

"எங்க வார்டு சார். சுற்றறிக்கையில ஒரு தட்டச்சுப் பிழை..."

"நான் கேட்டது என்ன கொடின்னு."

"நேபாளம், சார்."

"நேபாளக் கொடி எனக்குத் தெரியாதா? இருபது வருஷ சர்வீஸ். இது நேபாளக் கொடி இல்ல. அப்போ இது நேபாள அரசு காகிதமும் இல்ல." அவர் கடிதத்தை விரல் நுனியால் திருப்பித் தள்ளினார். "வேற நாட்டு அரசு குடுத்த காகிதத்த நான் நேரா வாங்க முடியாது. அந்த நாட்டுத் தூதரகம் வழியா சான்றொப்பம் ஆகி வரணும்."

"சார், ஏழாம் வார்டுக்கு எங்க சார் தூதரகம்?"

"அது உங்க வெளியுறவுத் துறையைக் கேக்கணும்." அவர் கேலி செய்கிறாரா என்று ரோஜினா முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. "என்னைத் தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பாத்தா நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரிதான் இருக்கா. ஆனா காகிதப்படி வெளிநாட்டவர். இங்கயே தங்கறதா இருந்தா விசா படிவம் அடுத்த கவுண்டர்ல கிடைக்கும்."

ஹோம்பகதூர் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பொக்ரேலுக்குப் போன் செய்தான். பழைய முத்திரை போட்ட ஒரே ஒரு தாள் போதும், பஸ்ஸை எடுத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினான்.

"பழைய தாளையெல்லாம் நேத்தே எரிச்சாச்சே. முறைப்படி, மரியாதையோட" என்றார் பொக்ரேல். "தூதரகம்னா சொன்னார்? சுற்றறிக்கையில அப்படி ஒரு பிரிவு இல்ல. நல்ல விஷயம்தான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வெக்கறேன்."

இரண்டு ஐம்பதுக்கு ஏஜென்சியிலிருந்து ரோஜினாவின் போனுக்குச் செய்தி வந்தது: எண் வந்ததா? அவள் பதில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதவில்லை. முற்றத்துப் பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு இன்னொரு செய்தி வந்தது. அதை அவள் திறக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு உள்ளே ஜன்னல்கள் சாத்தும் சத்தம் கேட்டது. காவலாளி முற்றத்துக் கம்பத்தின் அருகே வந்து விசில் ஊதினான். வரிசையில் மிச்சம் இருந்தவர்கள், டீக்கடைக்காரன், படிவம் எழுதிக் கொடுக்கிறவர்கள், எல்லோரும் அப்படியே நின்றார்கள். கொடி மெதுவாக இறங்கத் தொடங்கியது. சரியான அளவுக் கொடி. ஹோம்பகதூர் எழ முயன்றபோது மகளின் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது.

காவலாளி தணிந்த குரலில் அதட்டினான். "எந்திரிம்மா. கொடி இறங்குது, கண்ணு தெரியல?"

"நான் வெளிநாட்டுக்காரி, அண்ணா" என்றாள் ரோஜினா. "இப்பதான் உள்ள சார் சொன்னார்."

காவலாளி கயிற்றைப் பிடித்தபடி நின்றான். வெளிநாட்டவர் எழுந்து நிற்க வேண்டுமா வேண்டாமா என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உள்ளே பார்த்தான். கேட்பதற்கு அதிகாரி யாரும் இல்லை. தெரியாமல் கொடியை மேற்கொண்டு இறக்கவும் பயம். கயிறு அவன் கையில் நின்றது, கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. முற்றத்தில் நின்றவர்கள், யார் செத்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹோம்பகதூர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்த நிலையில் இருந்தான். முழுதாக நிமிர்ந்தால் மகளின் கையை உதற வேண்டும். உட்கார்ந்தால் குற்றம். அவன் அப்படியே இருந்தான்.